சிலோன் பேப்பரும் ஊர் வரி நோட்டும்: தாத்தா காலத்து ஆளுகளைத் தேடுத வழி

நம்ம திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆளாவது கடலத் தாண்டிப் போனவங்களா இருப்பாங்க. தாத்தா கொழும்புல கடைல நின்னாக, பெரியாச்சி கண்டித் தோட்டத்துல கொழுந்து எடுத்தாக, சித்தப்பா பொறந்ததே ஹட்டன்லதான், இப்படி ஒரு வரி எல்லா வீட்லயும் கேட்டுருப்பீங்க. எந்தத் தோட்டம், எந்த வருசம், யாரு கூட போனாக, அவுக அப்பா பேரு என்னன்னு அடுத்த கேள்வி கேட்டா "அதெல்லாம் இப்ப யாருக்குத் தெரியும், தெரிஞ்சவுகளாம் போய்ச் சேந்துட்டாக"ன்னு பேச்சு முடிஞ்சுரும்.

எங்க வீட்லயும் ரொம்ப நாளா அந்த ஒரு வரிதான் இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, பிள்ளைககிட்ட வாயத் தொறந்து சொல்லாததை எல்லாம் எங்க தாத்தா ஒரு ஆபீசருக்கு எழுதிக் கொடுத்திருக்காக, பிரஜாவுரிமை கேட்டு. நீ எங்க நாட்டு ஆளுதானா, எப்ப வந்த, எப்பல்லாம் ஊருக்குப் போன, ஒன் அப்பன் எங்க பொறந்தான்னு அரசாங்கம் கேட்டதுக்கு நம்ம ஆளுக ஒவ்வொண்ணுக்கா பதில் எழுதி, கீழ கையெழுத்தோ கைநாட்டோ வச்சுக் கொடுத்த பேப்பர் அது. குடும்ப வரலாறு தேடுதவங்களுக்கு அதைவிடப் பெரிய புதையல் இல்லன்னு நான் சொல்லுவேன். அதைத் தேடிப் பிடிச்சு எப்படிப் படிக்கணும், அதை வச்சு இங்க ஊர்ல வந்து எதைப் பாக்கணும்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுதேன்.

முதல்ல வீட்டுக்குள்ள தேடுங்க. பரண்ல இருக்க தகர டிரங்குப் பெட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால இருக்க மஞ்சப் பை, சாமி படத்துக்குப் பின்பக்கம், பத்திரம் சுத்தி வச்ச துணி, எல்லாத்தையும் பாருங்க. பழைய பாஸ்போர்ட்டு, சிலோன்ல இருந்து திரும்புனவங்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை (ரேஷன் அட்டை இல்ல), இலங்கை பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துல கொடுத்த துண்டுச் சீட்டு, அரிசிக் கூப்பன் புத்தகம், பள்ளிக்கூட டிசி, பிரஜாவுரிமை விண்ணப்பத்தை விசாரிச்ச கமிஷனர் ஆபீஸ்ல இருந்து வந்த கடிதம், எதுவும் இருக்கலாம். உங்க வீட்ல இல்லன்னா அத்தை வீட்ல இருக்கும். பொம்பளப் பிள்ளைககிட்ட கொடுத்து வைக்குதது நம்ம பக்கத்து வழக்கம், அதனால அத்தைமாரை விட்டுறாதீங்க. கடிதம் கிடைச்சா அதுல மேல ஓரத்துல ஒரு ஃபைல் நம்பர் இருக்கும், மத்தது எல்லாத்தையும் விட அதை முதல்ல எழுதி வைங்க, பின்னால எங்க போய்க் கேட்டாலும் அந்த நம்பர்தான் சாவி.

இன்னொண்ணு, கெஞ்சிக் கேக்குதேன், எதையும் லேமினேஷன் பண்ணாதீங்க. எங்க குடும்ப அட்டைய நல்லா இருக்கட்டும்னு ஒரு கடைல கொடுத்து லேமினேட் பண்ணினோம். மடிப்பு இருந்த இடத்துல சூட்டுல ஒட்டிக்கிட்டு, திரும்பி வந்தவங்களைத் தங்க வச்ச மண்டபம் கேம்ப்போட முத்திரை இருந்த பக்கம் மசமசன்னு ஆகிப் போச்சு, இப்ப தேதி படிக்க முடியல. பகல் வெளிச்சத்துல, ஜன்னல் ஓரமா வச்சு, ஃபிளாஷ் போடாம போன்ல படம் எடுங்க. முன்பக்கம், பின்பக்கம், ஓரத்துல பென்சில்ல கிறுக்கிருக்கது, எல்லாம் வேணும். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல சும்மா வச்சுருங்க, அது போதும்.

சரி, இப்ப சட்டத்தை ஒரு தடவை பாத்துருவோம். சலிப்பா இருக்கும்னு தாண்டிப் போயிராதீங்க, ஆபீசர் என்ன கேட்டாருன்னு தெரிஞ்சாத்தான் தாத்தா ஏன் அப்படி எழுதினாகன்னு புரியும்.

1948ல இலங்கை பிரஜாவுரிமைச் சட்டம் வந்துச்சு. அங்க பொறந்திருந்தா மட்டும் போதாது, அப்பாவும் இலங்கைல பொறந்திருக்கணும், இல்லன்னா அப்பாவோட அப்பாவும் அவருக்கு அப்பாவும் அங்க பொறந்திருக்கணும்னு வச்சாங்க. லயத்துல, அதான் தோட்டத்துக் கூலி ஆளுகளோட வரிசை வீட்ல, பொறந்த பிள்ளைக்கு மூணு தலைமுறை பேப்பர் எங்க இருக்கும்? லட்சக்கணக்கான பேரு ஒரே சட்டத்துல நாடு இல்லாதவங்களா ஆனாங்க. அடுத்த வருசம், 1949ல, இந்தியா பாகிஸ்தான் வம்சாவளிக்குன்னு தனியா ஒரு சட்டம் போட்டாங்க. அதுல விண்ணப்பிச்சு பிரஜாவுரிமை கேக்கலாம், ஆனா 1946 ஜனவரி 1க்கு முன்னால, கல்யாணம் ஆனவங்க 7 வருசம், ஆகாதவங்க 10 வருசம் விடாம இலங்கைல இருந்ததை நிரூபிக்கணும். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். ஊருக்கு வந்தா 12 மாசத்துக்குள்ள திரும்பிப் போயிருக்கணும், அதுக்கு மேல தங்கிட்டா விடாம இருந்த கணக்கு அறுந்து போச்சுன்னு அர்த்தம்.

இந்த 12 மாசக் கணக்குதான் நமக்குப் பெரிய உதவி. அதுக்குப் பயந்து ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் போன தேதி, திரும்புன தேதி, எந்த வழியாப் போனாக, எதுக்குப் போனாகன்னு எழுதி வச்சிருக்காங்க. எங்க தாத்தா பேப்பர்ல நாலு பயணம் இருக்கு. ரெண்டாவது பயணத்துக்கு நேரா "தாயார் இறந்தது"ன்னு ஒரு வரி. எங்க பூட்டி எப்ப இறந்தாகன்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாம இருந்துச்சு, திதி கொடுக்கக்கூட நாள் தெரியாம அமாவாசைக்குக் கொடுத்துட்டு இருந்தோம். கொழும்புல யாரோ ஒரு கிளார்க் டைப் அடிச்ச காகிதத்துல இருந்து மாசத்தையும் வருசத்தையும் எடுத்தேன். அன்னைக்கு எங்க அப்பா அந்தப் பேப்பரை வாங்கி ரொம்ப நேரம் கைல வச்சுட்டே உக்காந்திருந்தாக.

அதே விண்ணப்பத்துல மனைவி பேரு, சின்னப் பிள்ளைக பேரு, அவங்க பொறந்த இடம், எங்க இருக்காங்கன்னும் இருக்கும், ஏன்னா அவங்களும் அங்கயே இருக்காங்களான்னு கேட்டாங்க. பிள்ளைகள ஊர்ல ஆச்சிகிட்ட விட்டுப் படிக்க வச்சவங்களுக்கு அதுவே தடங்கலா ஆயிருச்சு. உங்க வீட்டு விண்ணப்பம் தள்ளுபடி ஆயிருந்தா வருத்தமாத்தான் இருக்கும், புரியுது, ஆனா தேடுதவங்களுக்கு தள்ளுபடி ஆன ஃபைல்லதான் அதிகம் இருக்கும். விசாரணை, மறுபடி கேள்வி, சாட்சி சொன்ன கங்காணி (கூலி ஆளுகளுக்கு மேஸ்திரி) பேரு, தோட்டத்து செக்ரோல், அதான் வேலையாள் பேரேடு, அதோட நகல்னு தடியா இருக்கும்.

அடுத்து 1964 அக்டோபர் 30, இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். நாடு இல்லாம இருந்த 9,75,000 பேரை ரெண்டு நாடும் பங்கு போட்டாங்க, 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாப்போம்னு விட்டு, 1974ல ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. இந்தியாவுக்குன்னு ஆனவங்களுக்கு இந்திய ஹைகமிஷன்ல பாஸ்போர்ட்டு, கூடவே குடும்ப அட்டை. தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்க இருந்து மண்டபம் கேம்ப். இந்தக் குடும்ப அட்டைல யார் யாரு, என்ன உறவு, என்ன வயசு, இங்க என்ன திட்டத்துல அனுப்புனாங்கன்னு இருக்கும். எங்க அட்டையோட கடைசிப் பக்கத்துல வியாபாரக் கடன் கொடுத்ததோட குறிப்புகூட இருக்கு. தேயிலை தெரிஞ்சவங்கள நீலகிரில டான்டீங்குத அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினாங்க, அதனால உங்க சொந்தம் கூடலூர், கோத்தகிரின்னு இருந்தா அதுக்குக் காரணம் இந்த அட்டைல இருக்கும். இலங்கைலயே தங்கிட்ட சொந்தத்துக்கு 1988, 2003 சட்டங்கள்ல கிடைச்ச பிரஜாவுரிமைப் பேப்பர் இருக்கும், அதையும் கேளுங்க.

இலங்கை பிறப்புச் சான்றிதழைப் பத்தி தனியா சொல்லணும். நம்ம ஊர் சான்றிதழ்ல அப்பா அம்மாவோட நின்னுரும். அங்க அப்படி இல்ல, பாட்டன் இலங்கைல பொறந்திருந்தா அவரு பேரு, பொறந்த வருசம், இடம்னு ஒரு கட்டம், அப்பா இலங்கைல பொறக்காம கொள்ளுப்பாட்டன் அங்க பொறந்திருந்தா அவருக்கு ஒரு கட்டம். அந்த 1948 சட்டம் கேட்ட தலைமுறைக் கணக்கு அப்படியே ஃபாரத்துல இருக்கு. நம்ம ஆளுகளோடதுல அநேகமா அந்தக் கட்டத்துல ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கும். கோடுதானேன்னு விட்டுறாதீங்க, அந்தக் கோடு ஒரு தகவல். அநேகமா பாட்டன் இங்க இந்தியாவுல பொறந்தவரு, அதாவது கடல் தாண்டினது அவரோ அவரு மகனோதான், அப்ப அவரைத் தேட வேண்டிய இடம் நம்ம ஊர்தான்னு தெரிஞ்சுரும்.

நகல் வாங்குதது எப்படின்னா, பிறப்பு, இறப்பு, கல்யாணச் சான்றிதழுக்கு பொறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்துல விண்ணப்பிக்கணும். பிரஜாவுரிமை ஃபைல்னா பத்தரமுல்லைல இருக்க குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தோட பிரஜாவுரிமைப் பிரிவு. பழைய அரசாங்க ஆவணங்களுக்கு கொழும்புல தேசிய சுவடிகள் கூடம். 2016ல அங்கயும் தகவல் அறியும் சட்டம் வந்துருச்சு, ஆனா அது அந்த நாட்டுப் பிரஜைகளுக்குத்தான், அதனால அங்க இருக்க சொந்தக்காரங்க பேர்லதான் போடணும். இந்தப் பக்கம் நம்ம 2005 சட்டப்படி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி கலெக்டர் ஆபீசுக்கும் மறுவாழ்வுத் துறைக்கும் கேக்கலாம். கேக்குதப்ப "என் தாத்தாவைப் பத்தி இருக்கதெல்லாம் குடுங்க"ன்னு எழுதினா திருப்பி அனுப்பிருவாங்க. பேரு, அப்பா பேரு, குடும்ப அட்டை நம்பர், வந்த தேதி, எந்தப் பதிவேடுன்னு ஒவ்வொண்ணா எழுதுங்க. நீங்க வாரிசுன்னு காட்ட ஒரு சான்றும் சேத்து வைங்க.

இனி பேப்பர்ல இருக்க ஊரை நெலத்துல கண்டுபிடிக்கணும், இதுல நிறைய பேரு தடுமாறுதாங்க. டின்னவேலின்னு போட்டிருந்தா இப்ப இருக்க திருநெல்வேலி மாவட்டம்னு நினைச்சுறாதீங்க. 1910க்கு முன்னால சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் டின்னவேலிலதான் இருந்துச்சு, அப்புறம்தான் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போச்சு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம், அதுக்கு முன்னால உள்ள ரெக்கார்டுக்கு திருவனந்தபுரம்தான் போகணும். 1986ல தூத்துக்குடி பிரிஞ்சது, 2019ல தென்காசி பிரிஞ்சது. தாலுகா பேரும் பழசா இருக்கும், சங்கரநயினார்கோயில்னு இருந்தா அது நம்ம சங்கரன்கோயில், பாளம்கோட்டான்னு இருந்தா பாளையங்கோட்டை. கிராமத்துப் பேரை வாய்விட்டு நாலு விதமாச் சொல்லிப் பாருங்க. தமிழ் தெரியாத துரை ஆபீஸ்ல காதுல விழுந்தபடி எழுதினது அது. எங்க ஊர் பேர்ல நடுவுல இருந்த ழகரம் ஒரு பேப்பர்ல ல ஆகி, அடுத்ததுல ர ஆகி, மூணாவதுல காணாமலே போயிருக்கு.

ஊரே இல்லாம வெறும் பேரு மட்டும் கிடைச்சாலும் விட்டுறாதீங்க. சுடலைமுத்து, இசக்கி, பேச்சிமுத்து, மாடசாமி, சங்கரநாராயணன் இந்தப் பேருகளைப் பாத்தாலே தெக்கத்தி ஆளுன்னு பாதி தெரிஞ்சுரும். அதோட தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்குதது நம்ம வழக்கம், அதனால ஒண்ணு விட்டு ஒரு தலைமுறைக்கு ஒரே பேரு வரும். இலங்கைப் பேப்பர்ல ஒரு சுடலைமுத்து, இங்க 1880ஆம் வருசத்துப் பத்திரத்துல ஒரு சுடலைமுத்துன்னா ரெண்டும் ஒரே ஆளுன்னு சேத்துறாதீங்க, பேரனும் பாட்டனுமா இருக்கும்.

ஊர் தெரிஞ்சதும் நேரா வரி நோட்டைப் பாக்கப் போங்க. நம்ம ஊர்கள்ல கோயில் கொடைத் திருவிழாவுக்கு தலைக்கட்டு வரி பிரிப்பாங்க இல்லையா, கல்யாணம் ஆன ஆம்பளைக்கு ஒரு தலைக்கட்டுன்னு. அந்த நோட்டுல பேரு இருந்தாத்தான் அவன் அந்த ஊர் ஆளு, பேரு இருக்கவனுக்குத்தான் பிரசாதப் பங்கு, மரியாதை, நல்லது கெட்டதுக்கு ஊர் வந்து நிக்குதது எல்லாம். சென்னைலயும் பம்பாய்லயும் இருக்கவங்க இன்னைக்கும் வரிய மட்டும் தவறாம அனுப்புதாங்களே, பேரு வெட்டுப்பட்டுறக் கூடாதுன்னுதானே. சிலோன் சர்க்கார் பிரஜாவுரிமைன்னு ஒண்ணு கேக்குததுக்கு ரொம்ப முன்னாலயே நம்ம ஊர்ல ஒரு குடியுரிமைப் பதிவேடு இருந்துச்சு, அது இந்த நோட்டுதான். புதுசா கல்யாணம் ஆன வருசம் பேரு ஏறும், இறந்த வருசம் பேரு நின்னுரும், மகன் பேரு அப்பா பேருக்குக் கீழயே வரும், வெளியூர்ல இருந்தா பக்கத்துல ஊரு பேரு எழுதிருக்கும். ஒரு குடும்பத்து மரத்தையே அதுல இருந்து வரைஞ்சுறலாம்.

நோட்டு கோயில் பூசாரிகிட்டயோ, நாட்டாமை வீட்லயோ, வரி பிரிக்குத தர்மகர்த்தா வீட்லயோ இருக்கும். பழசுல வருசம் கொல்லம் ஆண்டுல இருக்கலாம், பயப்படாதீங்க, அதோட 825ஐக் கூட்டுங்க, ஆவணில இருந்து டிசம்பர் வரைக்கும் உள்ள தேதின்னா 824. ௲௭௰௬ன்னு இருந்தா 1076, அதாவது 1900 ஆவணில இருந்து 1901 ஆடி வரைக்கும். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து, ௵ வருசம், ௴ மாசம், ௳ தேதி. ஒரு சாயங்காலம் உக்காந்து எழுதிப் பழகினா வந்துரும், நான் எங்க வீட்டுக் காலண்டர் தாள் பின்னால எழுதிப் பழகினேன்.

ஊரே தெரியல, குலதெய்வம் மட்டும் தெரியும்னா பங்குனி உத்திரத்துக்கு உங்க சாஸ்தா கோயிலுக்குப் போங்க. அன்னைக்கு எங்கெங்கயோ இருக்க பங்காளிக எல்லாம் ஒரே மரத்தடில பொங்கல் வைப்பாங்க. தாத்தா பேரு, சிலோன் போன கதை ரெண்டையும் நாலு பெரியவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க. "ஓ, அவுகளா, அந்த மச்சு வீட்டுக்காரக"ன்னு யாராவது ஒருத்தர் எடுத்துக் கொடுப்பாங்க.

கிறிஸ்தவக் குடும்பம்னா உங்களுக்கு வேலை இன்னும் லேசு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணுக்கும் சேகரத்துல, அதான் உங்க வட்டாரத்து சர்ச்சுல, பதிவேடு உண்டு. 1820ல ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது, 1841ல கால்டுவெல் இடையன்குடிக்கு வந்ததுன்னு அந்தக் காலத்துல இருந்தே மிஷன்காரங்க எழுதி வச்சிருக்காங்க. 1854ல இலங்கைத் தோட்டங்கள்ல தமிழ் கூலி மிஷன் ஆரம்பிச்சப்ப இங்க இருந்துதான் உபதேசியார்மார் போனாங்க, அந்த சிஎம்எஸ் (சர்ச் மிஷனரி சொசைட்டி) ஆவணங்கள் இங்கிலாந்துல பர்மிங்காம் யுனிவர்சிட்டில இருக்கு. கத்தோலிக்கக் கோயில் பதிவேடு பழசு லத்தீன்ல இருக்கும், சாமியார்கிட்ட கேட்டா படிச்சுச் சொல்லுவாங்க. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்துல நிக்காஹ் பதிவும் சந்தா நோட்டும் இருக்கு. கடையநல்லூர், தென்காசிக்காரங்கன்னா கொழும்போட சிங்கப்பூர், பினாங்கையும் சேத்துத் தேடுங்க.

சொத்துப் பத்திரம் பத்தி ரெண்டே வார்த்தை. வில்லங்கம் ஆன்லைன்ல எல்லா வருசத்துக்கும் கிடைக்காது, ரொம்பப் பழசுன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு கையால தேடச் சொல்லணும். வெளிநாட்டுல இருந்தவங்க தம்பிக்கோ மச்சானுக்கோ பவர் எழுதி அனுப்பியிருப்பாங்க, அந்தப் பவர் பத்திரத்துல அங்க இருந்த தோட்டத்து விலாசம் முழுசா இருக்கும். கோயில் ஊழியம் பாத்த குடும்பம்னா எழும்பூர் ஆவணக் காப்பகத்துல 1860கள்ல எழுதின இனாம் (மானிய நிலம்) பதிவேட்டைக் கேளுங்க, அனுபவிக்கிறவர் பேரு, வயசு, வாரிசுன்னு எழுதிருப்பாங்க.

வயசை மட்டும் எந்தப் பேப்பர்லயும் அப்படியே நம்பாதீங்க. கூலிக்கு வயசு கூட்டிச் சொன்னாங்க, பாஸ்போர்ட்டுக்குக் குறைச்சுச் சொன்னாங்க, தெரியாதவங்களுக்கு ஆபீசரே ஜனவரி 1ன்னு போட்டுக்கிட்டாரு. மூணு பேப்பர்ல மூணு வயசு இருந்தா, பிள்ளை பொறந்த வருசத்தை வச்சு எது பொருந்துதுன்னு பாருங்க. பேப்பர்ல பிள்ளைன்னு இருக்கது தம்பி மகனாக்கூட இருக்கும், தாயில்லாப் பிள்ளையைத் தன் பிள்ளைன்னு எழுதிக் கூட்டிட்டு வந்தவங்க உண்டு. அதைக் கண்டுபிடிச்சா குடும்ப வாட்சப் குரூப்ல போட்டுறாதீங்க, அது உயிரோட இருக்க ஒருத்தரோட விசயம், முதல்ல அவருகிட்ட தனியாப் பேசுங்க.

பெரியவங்ககிட்ட கேக்குததும் அப்படித்தான். ரெண்டு நாட்டுக்கும் வேண்டாதவங்களா பதினைஞ்சு இருபது வருசம் இருந்தவங்க அவங்க. பிறந்த வீட்ட விட்டுட்டு, கூடப் பொறந்தவங்கள அந்தப் பக்கம் விட்டுட்டு கப்பல் ஏறினவங்க. எடுத்த எடுப்புல தேதி கேக்காதீங்க. லயத்துல காலைல என்ன சத்தம் கேக்கும், பிரட்டுக்கு, அதான் காலைல பேரு பதிஞ்சு வேலை பிரிக்குத இடத்துக்கு, எத்தனை மணிக்குப் போவீங்க, ரொட்டிக்கு என்ன தொட்டுக்கிடுவீங்கன்னு கேளுங்க, தேதி தன்னால வரும். எங்க அத்தைக்குப் பிறந்த வருசம் தெரியாது, ஆனா தனுஷ்கோடி அழிஞ்ச புயலப்ப தனக்குப் பல்லு விழுந்துட்டு இருந்துச்சுன்னு சொன்னாக. புயல் 1964 டிசம்பர். அப்ப ஆறோ ஏழோ வயசு, பேப்பர்ல இருக்கதைவிட ரெண்டு வயசு மூத்தவங்க.

வரி நோட்டைப் பாக்க கொடை முடிஞ்ச மறுவாரம் போங்க, கணக்கு முடிக்கிறதுக்காக நோட்டு வெளில எடுத்திருப்பாங்க, மத்த நாள்ல கேட்டா பெட்டிச் சாவி யாருகிட்டயோ இருக்கும். வெத்தலை பாக்கு பழத்தோட போங்க, உங்க தலைக்கட்டு வரி பாக்கி இருந்தா முதல்ல அதைக் கட்டிருங்க. நான் போனப்ப அந்தப் பெரியவர் ஈரம் பட்டுப் பழுத்துப்போன ஒரு நீள நோட்டை எடுத்து, எச்சில் தொடாம, ஒரு பனை ஈர்க்கால ஒவ்வொரு தாளாத் தள்ளிக் காட்டினாரு. தாத்தா பேரு இருந்துச்சு, பக்கத்துல சிலோன்னு சின்னதா. பதினோரு வருசம் அவுக அண்ணன் கை எழுத்துல வரி கட்டிருக்கு. ஒரே ஒரு வருசம் மட்டும் அண்ணன் கை எழுத்து இல்ல, தாத்தாவே கையெழுத்துப் போட்டுக் கட்டிருக்காக. கொழும்பு ஆபீசருக்கு எழுதிக் கொடுத்த பேப்பர்ல "தாயார் இறந்தது"ன்னு இருக்கே, அந்த வருசம்.